எட்டின் தாளில் ஆறாவது துளை

ஜூன் 3

ஏழு,

நீ என் நம்பரை அடைத்துவிட்டாய். சித்தியின் போனில் கூப்பிட்டால், "அவ தூங்கறாடி" என்று ஒரே பதில். காலையில் கூப்பிட்டாலும் தூக்கம், மத்தியானம் கூப்பிட்டாலும் தூக்கம். கும்பகர்ணன்கூட நடுவில் எழுந்து சாப்பிட்டிருப்பான். அதனால்தான் தபால். தபாலை அடைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். படித்துவிட்டுக் கிழி.

மன்னிப்புக் கேட்க எழுதுகிறேன் என்று நினைத்தால் இங்கேயே நிறுத்திவிடு. இன்னொரு தடவை அப்படி நடந்தாலும் நான் வாயைத் திறப்பேன். ஆனால் அதற்கு அப்புறம் அவர்கள் செய்தது நான் நினைத்தே பார்க்காதது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பதும் பொய். இதுவரை எழுதுவதற்குள் பல தடவை எழுந்து ஜன்னலுக்குப் போய் வந்துவிட்டேன்.

நான் பார்த்தபடி சொல்கிறேன். அன்றைக்குத் துப்பாக்கி சுடும் ஒத்திகைப் போட்டி. வழக்கம்போல நீ ஏழாவது லேன், நான் எட்டாவது. நமக்குப் பின்னால், நடுவில், கோச். அப்பாக்கள் வைத்த பெயர் மறந்து நாம் ஏழும் எட்டுமாக ஆனதும், நடுவில் நின்று உயிரை வாங்குகிறவருக்கு 'ஏழரை' என்று பெயர் விழுந்ததும் இந்த இடத்தால்தானே. நான் ஐந்து குண்டு சுட்டேன். தாளை எடுத்துப் பார்த்தால் ஆறு துளை. உன் தாளில் நாலுதான். அடுத்தவள் தாளில் சுடுவது, துப்பாக்கி பிடித்த முதல் வாரத்தில்கூட நீ செய்யாத தப்பு. எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆனால் என் தாளை உன் தாள் என்றே நினைத்து நீ பார்த்துக்கொண்டு நின்றதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அப்புறம் ஹாஸ்டல் வராந்தாவில் உன் பிஸ்டல் பெட்டிச் சாவியை என் கையில் வைத்து அழுத்தினாய். "இதை நீயே வெச்சிரு. நான் கேட்டாலும் குடுக்காத." அவ்வளவுதான். ஏன் என்று கேட்பதற்குள் போய்விட்டாய். சாவி என் சோப்பு டப்பாவில் கிடந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஏழரையிடம் சொன்னேன். அவர் உன்னைக் கூப்பிட்டுப் பேசுவார், டாக்டரிடம் கூட்டிப்போவார் என்று நினைத்தேன். மறுநாள் சித்தப்பா வாசலில் நிற்கிறார், உன் படுக்கை சுருட்டியாயிற்று.

சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உன் லேனில் யாரையும் நிறுத்தவில்லை. அதைப் பார்க்காமல் சுடப் பழகுகிறேன், முடியவில்லை.

எட்டு

*

ஜூன் 9

எட்டக்கா,

கிழிக்கவில்லை. கிழித்தால் ஒட்டவைத்துப் படிக்க அம்மா இருக்கிறாள்.

முதலில் ஒரு நல்ல செய்தி, எனக்கு அல்சர். நான் ஹாஸ்டலை விட்டு வந்ததற்கு அம்மா ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கும் காரணம் அதுதான். "வயிறு சரியில்ல, ரெஸ்ட் எடுக்கறா." பொய்க்குச் சாட்சி வேண்டுமே, அதனால் எனக்குக் காரமில்லாத சாப்பாடு. இல்லாத அல்சருக்கு நான் பத்தியம் இருக்கிறேன். எதிர் வீட்டு மாமி தினம் ஒரு கஷாயத்தோடு வருகிறார். நேற்று வந்தது வாயில் வைக்க வழியில்லை. குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார். எனக்கு நிஜமாகவே வயிறு வலிக்க ஆரம்பித்துவிட்டது. அம்மாவுக்கு நிம்மதி.

உன் அம்மாவும் குறைச்சல் இல்லை. பெரியம்மா போன் செய்து, "வயசுப் பொண்ணு, வெளியில சொல்லிடாத, நாளைக்கு வரன் பார்க்கணும்" என்றாளாம். என்னைப் பற்றி வீட்டில் எல்லாரும் பேசுகிறார்கள், என்னிடம் மட்டும் பேசுவதில்லை. நான் கூடத்துக்கு வந்தால் டிவி சத்தம் கூடுகிறது.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். சாவியை நான் உன்னிடம் தந்தேன். ஏழரையிடம் தருவதென்றால் எனக்குக் கால் இல்லையா, அவர் அறை தெரியாதா? ஊரிலேயே ஒருத்தியிடம்தான் தந்தேன், அவளும் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டாள். அன்று காலை எட்டுப் பேர் ஜன்னலில் நின்று நான் படுக்கை சுருட்டுவதை வேடிக்கை பார்த்தார்கள். என் கையில் துப்பாக்கி இருக்கிற மாதிரி எல்லாருக்கும் ஒரு பயம். பெட்டியைத் தூக்க ஒருத்தரும் வரவில்லை. ஏழரை என் முகத்தைப் பார்க்காமல், "உடம்பைப் பார்த்துக்கம்மா" என்றார். உடம்பையாம்! நீ எங்கே இருந்தாய்? பாத்ரூமில். அழுதாயா, ஒளிந்தாயா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

எனக்கு என் பிஸ்டல் வேண்டும். அது என்னுடையது. சாவியை அனுப்பு, பெட்டியை எடுத்துவர அப்பாவை அனுப்புகிறேன். வீட்டில் சும்மா இருந்தால் கை அரிக்கிறது. சுவரைப் பார்த்துக் கை நீட்டி நிற்கிறேன், அம்மா பார்த்துவிட்டால் சோம்பல் முறிப்பதாகச் சொல்கிறேன்.

பேச்சை வளர்க்காதே. சாவி.

ஏழு

*

ஜூன் 14

ஏழு,

தரமாட்டேன்.

நீ கேட்டாலும் தரக் கூடாது என்று சொன்னது நீதான். எனக்கு ஒரு ஏழின் பேச்சைத்தான் கேட்க முடியும், அன்றைக்கு வராந்தாவில் நின்றவளின் பேச்சைக் கேட்கிறேன். திட்டிக்கொள்.

நான் அன்று பாத்ரூமில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அழவும் இல்லை, ஒளியவும் இல்லை. இப்போதெல்லாம் போட்டி என்றாலே அப்படித்தான் ஆகிறது. அது கிடக்கட்டும்.

அன்றைக்குக் கேட்க வாய் வராத கேள்வியை இப்போது கேட்கிறேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. ஏழு, செத்துப்போகலாம் என்று நினைத்தாயா? இப்போதும் நினைக்கிறாயா? பதில் எழுதக் கை வராவிட்டால் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை போதும், நான் அடுத்த பஸ்ஸில் வருகிறேன். பயிற்சி போனால் போகிறது. இதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் சத்தியம் கேட்காதே, செய்ய மாட்டேன்.

இங்கே நடப்பதையும் கேள். நீ போனதும் நம் துப்பாக்கி சுடும் சங்கத்துச் செயலாளர் வந்தார். இனிமேல் துப்பாக்கி தொடுகிற ஒவ்வொருத்தரையும் தனியாகக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்பாராம். மனநல டாக்டரைப் பார்த்தது உண்டா? 'உண்டு' என்றால் வீட்டுக்கு. 'இல்லை' என்றால் லேனுக்கு. இதனால் என்ன ஆயிற்று தெரியுமா? மூன்றாவது லேன்காரி டாக்டர் சொல்லித் தினமும் மாத்திரை போடுகிறவள். பள்ளிக்கூட நாளிலிருந்தே போடுகிறாள், அதனால்தான் இவ்வளவு நன்றாகச் சுடுகிறாள். அவள் மாத்திரையை வாஷ்பேசினில் கொட்டிவிட்டாள், அறையில் சோதனை போடுவார்களாம். இப்போது கண்ணெல்லாம் சிவந்து பேய் மாதிரி அலைகிறாள். கேட்டால் 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்கிறாள். எல்லாருமே நன்றாக இருக்கிறோம். இந்த ஹாஸ்டலில் இப்போது நன்றாக இல்லாதவர் ஒருவரும் கிடையாது.

புதிதாகப் பிள்ளைகள் சேர்வதும் நின்றுவிட்டது. பெற்றவர்கள் பயப்படுகிறார்களாம். சின்னப் பிள்ளைகளுக்கு ஒளி பாய்ச்சும் லேசர் துப்பாக்கி போதும், குண்டு வேண்டாம் என்று சங்கத்தில் பேச்சு. ஏழரை கொதிக்கிறார். "டார்ச் லைட்டைப் பிடிச்சிட்டு நிக்கவா நான் இத்தனை வருஷம் கத்துனேன்?" என்கிறார்.

ஜூலை முதல் தேதி எங்களைக் கேட்கிறார்கள். என் முறை வரும்போது உன் விஷயத்தைச் சொல்லட்டுமா? சாவியை நீயாகத் தந்தாய், அதற்குத்தான் உன்னைத் துரத்தினார்கள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னால் அந்த ஆள் என்ன பதில் சொல்வார்? உன் சம்மதம் இல்லாமல் சொல்லமாட்டேன். ஒரு தடவை பட்டது போதும்.

முதலில் என் கேள்விக்குப் பதில்.

எட்டு

*

ஜூன் 23

எட்டக்கா,

பஸ் ஏறாதே. இப்போது இல்லை.

அப்போது, ஆமாம்.

இந்த இரண்டு வரியை எழுதிவிட்டு நாலு நாள் இந்தத் தாளை மடித்து வைத்திருந்தேன். நம் ஆட்களில் நீதான் முதலில் நேராகக் கேட்டாய். உன்மேல் இருந்த கோபத்தில் பாதி அந்தக் கேள்வியைப் படித்ததும் போய்விட்டது. மீதிப் பாதி பத்திரமாக இருக்கிறது, கவலைப்படாதே.

எப்படி ஆரம்பித்தது என்று எனக்கே தெரியவில்லை. தூக்கம் போயிற்று. அப்புறம் சத்தம் எல்லாம் தூரத்தில் கேட்டது. லேனில் நிற்கும்போது இது என் கைதானா என்று தோன்றும். அந்த நினைப்பு வந்து வந்து போனது. உன் தாளில் என் குண்டு விழுந்த அன்றைக்குத்தான் எனக்கே பயம் வந்தது. உன் தாள் என்று எனக்குத் தெரியவே இல்லை எட்டு.

ஏழரை நம்மிடம் முதல் நாளிலிருந்து கத்துவது என்ன? "டவுட்டா இருந்தா சுடாத. கையை இறக்கு. இறக்கத் தெரியாதவன் இங்க நிக்காத." நாம் எத்தனை தடவை பாதியில் கையை இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கியிருப்போம்! நல்லா இறக்கினே என்று அந்த ஆள் பாராட்டியது அதற்கு மட்டும்தான். சாவியை உன்னிடம் தந்தேனே, நான் கையை இறக்கியது அதுதான். அவர் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தேன். அதற்குப் போய் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். இதை நினைத்தால்தான் இன்னும் அழுகை வருகிறது. வேறெதற்கும் இல்லை.

போன கடிதம் போட்டதற்கு அப்புறம் டாக்டரிடம் போக ஆரம்பித்திருக்கிறேன். அப்பாதான் வண்டியில் கூட்டிப்போகிறார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சர் கடை. வண்டியை அங்கே நிறுத்திக்கொண்டு, தெரிந்தவர் யாராவது வந்தால் சக்கரத்தைக் குனிந்து பார்க்கிறார். உலகத்திலேயே அதிகமாகப் பஞ்சர் ஆகிற வண்டி எங்கள் வண்டிதான். ஆனால் ஒரு தடவையும் தவறியதில்லை. போன தடவை திரும்பும்போது, "உள்ள என்ன கேக்கறாங்க?" என்றார். சொன்னேன். வீட்டுக்குள் போனதும் அம்மாவிடம், "இன்னிலேர்ந்து அவளுக்குக் காரம் போட்டுச் சமை" என்றார். அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

வேலைக்கும் போகிறேன், சிரிக்காதே. பெரிய கடைவளாகத்தில் மூன்றாவது மாடியில் விளையாட்டுக்கூடம். அங்கே லேசர் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள், ஏழரையின் டார்ச் லைட்டேதான். வருகிறவர்கள் எல்லாம் சினிமாவில் வருவதுபோலப் பக்கவாட்டில் பிடித்துச் சுடுகிறார்கள். பார்க்கச் சகிக்காமல் ஒரு காலேஜ் கூட்டத்துக்கு எப்படி நிற்பது என்று காட்டினேன். அதில் ஒருத்தி, "எனக்குப் பதட்டம் ஜாஸ்திங்க, கவுன்சிலிங் போயிட்டிருக்கேன், நான் இதைச் செய்யலாமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். பல் டாக்டரிடம் போவதைச் சொல்வதுபோலச் சொல்கிறாள்! கூட இருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. குண்டோ வெளிச்சமோ, நாளைக்கு இந்த விளையாட்டுக்கு வரப்போகிறவர்கள் இவர்கள்தான். இவர்களிடம் உங்கள் செயலாளர் அந்தக் கேள்வியைக் கேட்டால், உண்மையைச் சொல்லிவிட்டு வேறு விளையாட்டுக்குப் போய்விடுவார்கள். பொய் சொல்லத் தெரிந்தவர்கள் மட்டும் துப்பாக்கியோடு மிச்சம்.

செயலாளரிடம் என் விஷயத்தைச் சொல்லட்டுமா என்று கேட்டாய். கேட்டதற்குச் சந்தோஷம். சொல்லக் கூடாது. என் தாளில் நீ சுடாதே. உன் தாளில் சுடு. 'அது கிடக்கட்டும்' என்று ஒரு வரி எழுதினாயே, அது கிடக்கக் கூடாது. உன் எழுத்தெல்லாம் கோணலாக இருக்கிறது. நீ தூங்குகிறாயா?

ஏழு

*

ஜூலை 2

ஏழு,

தூங்கவில்லை. நீ கேட்டதற்குப் பதில் அதுதான்.

நேற்று கேட்டு முடித்தார்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வரப்போகிற அணித் தேர்வுப் போட்டியில் நான் சுடப்போவதில்லை. என் பெயரை எடுத்துவிட்டார்கள். இவ்வளவு வருஷம் எதற்காக விடிவதற்கு முன்னால் எழுந்தோமோ அது போயிற்று. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. எனக்கும் அல்சர் வரப்போகிறது, மாமியிடம் கஷாயம் மிச்சம் இருந்தால் எடுத்துவை.

எல்லாரும் உள்ளே போய் "இல்லை சார்" சொல்லிவிட்டு வந்தார்கள். மூன்றாவது லேன்காரியும் சொன்னாள். என் முறை வரும்வரை நான் செயலாளரைக் கிழிகிழி என்று கிழிப்பதாகத்தான் இருந்தேன், உன் விஷயத்தைத் தொடாமல். உள்ளே போனால் ஏழரை ஓரமாக நாற்காலியில், தரையைப் பார்த்துக்கொண்டு. செயலாளர் நல்ல மாதிரியாகத்தான் கேட்டார்.

"மனசு டாக்டர் யாரையாவது பார்த்திருக்கியாம்மா?"

"இன்னும் பார்க்கலை சார். பதினஞ்சாம் தேதிதான் டைம் குடுத்திருக்காங்க."

அவர் நான் கேலி செய்வதாக நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

"எதுக்கு?"

"தூக்கம் வர மாட்டேங்குது. போட்டின்னா வாந்தி வருது. பக்கத்து லேனைப் பார்த்தா அழுகை வருது சார்."

"இப்படிச் சொன்னா உன் கையில துப்பாக்கி குடுக்க முடியாதேம்மா."

"குடுக்க வேணாம் சார். நானே கையை இறக்கிட்டேன். ஆனா சொல்றவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டு, சொல்லாதவங்க கையில குடுத்துட்டு இருக்கீங்க. இதுல எது சார் ஆபத்து?"

உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை ஏழு. 'கையை இறக்கிட்டேன்' என்றபோது ஏழரை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அது அவருடைய பேச்சு, புரியாமல் எப்படி?

வெளியே வந்து படியில் உட்கார்ந்து, கேட்டவர்களிடம் உள்ளே நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மூன்றாவது லேன்காரி எழுந்து, கதவைத் தட்டி, "சார், நான் முதல்ல தப்பா சொல்லிட்டேன்" என்று மறுபடி உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. மற்றவர்கள் போகவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, வீட்டில் என்ன பாடோ.

சாயங்காலம் துப்பாக்கி அறைப் பக்கம் சுத்தியல் சத்தம். ஏழரை கதவில் ஒரு பலகையை மாட்டிக் கொக்கி அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. "யாரு வேணா சாவியை இங்க மாட்டலாம். ஏன்னு நான் கேக்க மாட்டேன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது என் பொறுப்பு. சங்கம் ஒத்துக்குதோ இல்லையோ, இது என் கதவு." அப்புறம் ஆணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "அன்னிக்கு எனக்குப் பயம்மா. கை, தோள், மூச்சு எல்லாம் சொல்லிக் குடுக்கத் தெரியும். இது தெரியல. தெரியலன்னு சொல்லவும் தெரியல."

சங்கம் ஒத்துக்கொள்ளும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. செயலாளர் 'பார்ப்போம்' என்றிருக்கிறார். அவருடைய 'பார்ப்போம்' உனக்கே தெரியும்.

பலகையில் உன் சாவியைத்தான் முதலில் மாட்டப் போனேன். கை வரவில்லை. நீ தந்தது என்னிடம், கதவிடம் இல்லை. அது திரும்பவும் சோப்பு டப்பாவுக்கே போய்விட்டது.

உறைக்குள் துணியில் சுற்றி ஒரு சாவி வைத்திருக்கிறேன். பார்த்ததும் ஏமாந்துவிடாதே, அது உன்னுடையது இல்லை. என்னுடையது.

இதை நீயே வெச்சிரு. நான் கேட்டாலும் குடுக்காத.

எட்டு

*

ஜூலை 8

எட்டக்கா,

சாவி வந்தது. தபால்காரர் உறையைக் குலுக்கிப் பார்த்து, "உள்ள என்னம்மா சத்தம்?" என்றார். அம்மா முந்திக்கொண்டு, "அவ அக்காவோடது" என்றாள். என்ன என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் என் கையிலிருந்து பிடுங்கிப் பார்க்கவும் இல்லை. அதுவே பெரிய விஷயம்.

எங்கே வைப்பது என்று வீடு முழுக்க அலைந்தேன். எங்கே வைத்தாலும் மனசு ஒப்பவில்லை. நீ சோப்பு டப்பாவை வைத்துக்கொண்டு எப்படி அலைந்திருப்பாய் என்று அப்போதுதான் தெரிந்தது. இப்படி ஒன்றைக் கையில் தந்துவிட்டு வாயைத் திறக்காதே என்று ஒருத்தியிடம் எதிர்பார்த்தேனே, எனக்கு எவ்வளவு தைரியம்! கடைசியில் அப்பாவிடம் போனேன். "இது எட்டோட சாவி. அவளுக்கும் நாள் சரியில்ல. என்கிட்ட பத்திரமா இருக்கணும், நீங்களும் பார்த்துக்குங்க" என்றேன். அதாவது, நீ என்னிடம் தந்ததை நானும் ஒரே நாளில் ஒருத்தரிடம் சொல்லிவிட்டேன். மீதி இருந்த பாதிக் கோபமும் காலி. திட்டுவதானால் திட்டு.

அப்பா அதைத் தன் வண்டிச் சாவியோடு கோத்துக்கொண்டார். "இது என் இடுப்பை விட்டுப் போகாது" என்றார். பதினைந்தாம் தேதி அவரே அங்கே வருகிறார், உன்னை டாக்டரிடம் கூட்டிப்போக. பெரியம்மாவிடம் தானே பேசிக்கொள்கிறாராம். அங்கே பஞ்சர் கடை இருக்கிறதா என்று கேட்டேன். "இருந்தாலும் நான் ஆஸ்பத்திரி வாசல்லயேதான் நிப்பேன்" என்றார்.

என் சாவி உன்னிடமே இருக்கட்டும். எப்போது கேட்பேன் என்று எனக்கும் தெரியவில்லை, டாக்டருக்கும் தெரியவில்லை. கேட்கும்போது நேரில் வந்து கேட்கிறேன். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தருவதா வேண்டாமா என்று சொல்.

நம்பரைத் திறந்துவிட்டேன். தூக்கம் வராவிட்டால் கூப்பிடு.

அம்மா எடுத்தால் பயப்படாதே. நான் தூங்குகிறேன் என்று சொன்னால், இப்போதெல்லாம் நிஜமாகவே தூங்குகிறேன் என்று அர்த்தம். எழுப்பச் சொல்.

ஏழு